ஓய்வில் இருக்கும் தசை

ஓய்வில் இருக்கும் தசை சத்தம் போடாது. நரம்புப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. தோலின் மேல் சின்ன வில்லைகளை ஒட்டி, அவற்றின் கம்பியை இயந்திரத்தில் செருகி, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, நோயாளியைக் கையை மடக்கச் சொன்னால், தூரத்துச் சாலையில் லாரி போவது போல ஓர் உறுமல் கேட்கும். தசைக்குள் ஓடும் மின்சாரத்தின் சத்தம் அது. கையைத் தளர்த்தினால் லாரி நின்றுவிடும். திரையில் குதித்துக்கொண்டிருந்த கோடு படுத்துவிடும். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும். ஊர் முழுக்க விளக்கணைத்துத் தூங்கப் போவது போன்ற அமைதி.

அன்று காலை அந்த அமைதி வரவில்லை.

முதல் நோயாளி வருவதற்கு முன் தன் மேலேயே வில்லைகளை ஒட்டி இயந்திரத்தைச் சரிபார்ப்பது அந்த அறையின் வழக்கம். கெட்டுப்போன நரம்பைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கெடாத நரம்பு ஒன்று கையருகே இருக்க வேண்டுமே. அத்தனை வருடமும் அந்தக் கெடாத நரம்பு அவளுடையதாகத்தான் இருந்தது. முகத்தின் இடது பாதி செயலிழந்து விழுந்துபோன பிறகு, முழங்கைக்குப் பதிலாக இரண்டு கன்னங்களிலும் ஒட்டிப் பார்க்கத் தொடங்கினாள். வலது கன்னம் இயந்திரத்தைச் சோதிக்க. இடது கன்னம், ஏதாவது உயிர் வந்திருக்கிறதா என்று பார்க்க. நாலு மாதமாக இடதுபக்கக் கோடு துணி காயப்போடும் கயிறு மாதிரி கிடந்தது.

இன்று முகத்தைத் தளர்த்தி, சுவரில் மாட்டியிருந்த நரம்புப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எதையும் அசைக்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரி இல்லை. அதைவிடத் தணிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைப் போல. வார்த்தை கேட்காது, பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

ட்யூப்லைட்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். விளக்கு, விசிறி, பக்கத்து அறை ஏசி எல்லாமே இந்த இயந்திரத்துக்குள் புகுந்து ரீங்காரம் போடும். ஆனால் மின்சாரத்தின் ரீங்காரம் ஏற்ற இறக்கம் இல்லாதது, வண்டு போல ஒரே சுருதி. இருந்தாலும் விளக்கை அணைத்தாள். விசிறியை நிறுத்தினாள். வில்லையைப் பிய்த்துவிட்டு, கன்னத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, புது வில்லை ஒட்டினாள். கடைசியாக, வலது கம்பியை இடதிலும் இடது கம்பியை வலதிலும் மாற்றிச் செருகினாள். கோளாறு கம்பியில் இருந்தால் சத்தம் கம்பியோடு போகும். கன்னத்தில் இருந்தால் கன்னத்தோடு நிற்கும்.

சத்தம் கன்னத்தோடு நின்றது.

கைக்கண்ணாடியில் பார்த்தாள். இடது பாதி வழக்கம்போலத் தொங்கியது. உதட்டோரம் கீழே வழிந்து, கண் மூடாமல், நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். எதுவும் அசையவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக, தோலுக்கு அடியில் எதுவோ பேசிக்கொண்டிருந்தது.

*

சின்னம்மை வந்து போனது என்று சொல்கிறோம். வந்தது சரி. போவதில்லை. கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகு, அந்தக் கிருமி நரம்பின் வழியே உள்ளே ஏறிப்போய், எலும்போரத்தில் நரம்பு முடிச்சு ஒன்றைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். சத்தமில்லாத குடித்தனக்காரன் மாதிரி வருடக்கணக்கில் இருக்கும். உடம்பின் காவல் தளர்கிற ஒரு நாளில் எழுந்து, ஏறிவந்த அதே நரம்பு வழியாகத் திரும்ப இறங்கும். அதைத்தான் அக்கி என்கிறோம். முதுகில் வரும், விலாவில் வரும். அவளுக்கு அது உட்கார்ந்திருந்த இடம் இடது காதுக்குள், முக நரம்பின் முடிச்சில். காது மடலில் கொப்புளம், தலைசுற்றல், வாந்தி. ஆஸ்பத்திரியில் படுத்த மறுநாள் காலை வாய் கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாகத் தானாக வழிந்தது.

முக நரம்பு காதுக்குப் பின்னால் குறுகலான எலும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. அது வீங்கினால் விரிய இடமில்லை. தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். நெரிபட்ட நரம்பு செத்து, பிறகு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் திரும்ப முளைக்கும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றும் பழைய வீட்டைத் தேடிப் போக வேண்டும். சில இழைகள் வழி தவறும். உதட்டுக்குப் போக வேண்டியது இமைக்குப் போகும். எச்சிலுக்குப் போக வேண்டியது கண்ணீருக்குப் போகும். அவளுக்கு இப்போதெல்லாம் சாப்பிடும்போது இடது கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. அதை நினைத்து அவள் பயப்படவில்லை. காரணம் தெரிந்த எதற்கும் அவள் பயந்ததில்லை.

ஆகவே டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

“எங்கம்மா?”

“இருந்துச்சு டாக்டர். இப்ப வரைக்கும் இருந்துச்சு.”

உதடு ஒரு பக்கம் கூடாததால் அவள் பேச்சு காற்றோடு போய்விடும். டாக்டர் “ஆ?” என்றார். மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது அவளுக்கே அது அழுகை மாதிரி கேட்டது.

“மெக்கானிக் வந்தா வண்டி சத்தம் போடாது,” என்று சிரித்தார் டாக்டர். “பயப்படாதீங்க. நரம்பு முளைக்குது. வயரை மாத்தி மாத்திக் கொடுத்திருக்கு. கண்ணைச் சிமிட்டினா வாய் துடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

“நான் சிமிட்டல டாக்டர். எதுவும் பண்ணல. அதுவும் இது துடிப்பு மாதிரி இல்ல.”

“பின்ன என்ன மாதிரி?”

அவளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அத்தனை வருடத்தில் எத்தனையோ உதடுகளின் கோடுகளைப் பார்த்திருக்கிறாள். மெல்லும் உதட்டின் கோடு தையல் மிஷின் போல் சீராக ஓடும். தசை இழுப்பு கடிகாரம் போல அடிக்கும். பேசுகிற உதடு மட்டும்தான் சீராக இருக்காது. இரண்டு சின்னத் துள்ளல், ஒரு நீளம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி துள்ளல். அந்த இடைவெளி மூச்சுக்காக மட்டும் விடுவதில்லை. எதிரே இருப்பவர் பதில் சொல்லவும் விடுவது.

“ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றாள்.

“நல்லாத் தூங்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்ததும் ஸ்பீக்கர் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தது.

*

வீட்டில் மூன்று பேர். அவள், தங்கை, தங்கையின் ஒரு வயதாகப் போகிற பையன். தங்கை கணவர் கப்பலில் இருந்தார். பையனுக்குத் தலையில் முடியே வராததால் எல்லோருக்கும் அவன் மொட்டை. உலகத்தில் அவள் யாருக்காவது பயந்து பயந்து நடந்தாள் என்றால் அவனுக்காகத்தான். அக்கி வந்தபோது காதில் கொப்புளம் கண்ட உடனே தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொப்புள நீரில் கிருமி இருக்கும். தடுப்பூசி போடாத குழந்தைக்கு அது சின்னம்மையாகப் போகும். கொப்புளம் முழுக்கப் பொருக்கு தட்டும்வரை தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. ஒரே ஒரு நாள், மாத்திரை மயக்கத்தில் அவள் கிடந்தபோது, கதவு சரியாகச் சாத்தியிருக்காததால், மொட்டை தவழ்ந்து வந்து அவள் கட்டிலோரம் தொங்கிய தலையணை உறையைச் சப்பிக்கொண்டிருந்தான். தங்கை ஓடிவந்து தூக்கிப் போனாள். மறுநாள்தான் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி அவனைப் பற்றித்தான். தங்கை “நல்லாத்தான் இருக்கான்” என்றாள்.

டாக்டரும் அப்போது சொல்லியிருந்தார். ஒரு வயசு ஆனதும் முதல் வேலையா சின்னம்மை ஊசி போட்டுடுங்க.

மதியம் தங்கை போன் செய்தாள். அறையில் நோயாளி யாரும் இல்லை. கன்னத்தில் வில்லைகள் இன்னும் இருந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“ஏன்க்கா, மொட்டை புதுசா என்னமோ சொல்றான், கேளு. டேய், பெரியம்மாட்ட சொல்லு.”

“த்தா. தத்தா. த்தே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலது பாதியில்.

இடதுபக்கக் கோடு துள்ளியது. இரண்டு சின்னது, ஒரு நீளம். நின்றது.

“தத்தா,” என்றான் மொட்டை.

மறுபடி துள்ளியது. அவன் பேசும்போது இல்லை. அவன் நிறுத்தியதும்.

“என்னக்கா சத்தமே காணோம்? லைன்ல இருக்கியா?”

போனை அணைத்தாள். கோடு படுத்தது. பிறகு, யாருமில்லாத அறையில், ஒரு சின்னத் துள்ளல். ஒரு இடைவெளி. இன்னொரு துள்ளல். அழைப்பு துண்டிக்கப்பட்ட போனில் “ஹலோ, ஹலோ” என்பது போல.

*

அன்று மாலையே கீழ்த்தளத்தில் தடுப்பூசி போடும் அறைக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் அவளுக்குப் பழக்கம்தான்.

“பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கேக்கா. ஒரு வயசு முடியணும்.”

“ஒரு வாரத்துல என்ன ஆகப் போகுது?”

“என்னது?”

“ஒரு வாரம்தானேன்னு சொன்னேன்.”

“உங்களுக்குத் தெரியாததா.”

எல்லோருக்கும் இந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. தெரியும்தான். ஊசிக்குள் இருப்பது அதே கிருமிதான், ஆனால் பல் பிடுங்கப்பட்டது. அதைப் பார்த்து உடம்பு பாடம் படிக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குள் இன்னும் மிச்சம் இருந்தால், பாடம் தொடங்கும் முன்பே வாத்தியாரை அடித்துத் துரத்திவிடும். அதனால்தான் ஒரு வயது. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் அவளே இதைப் பொறுமையாக விளக்கியிருப்பாள்.

பிறந்தநாள் முடிந்தது. அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. தங்கை தெர்மாமீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாரு. இதோட போய் ஊசி குத்தணுமா? விட்டா நீயே குத்திடுவ போலிருக்கு.” காய்ச்சல் இறங்கிய பிறகு போனால், ராத்திரி கரண்ட் போய் ஊசிமருந்துப் பெட்டி சூடாகிவிட்டது, இருந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்தாகிவிட்டது, புதுசு வர வேண்டும் என்றார்கள். நர்ஸ் மேல் தப்பில்லை. குளிர் குறைந்தால் அந்த மருந்து வெறும் தண்ணீர். எங்கும் யார் மேலும் தப்பில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். வேறு ஆஸ்பத்திரியில் போடலாம் என்றாள் அவள். “ஒரே இடத்துல போட்டாத்தான் நமக்கும் ஞாபகம் இருக்கும். நாலு நாள்ல வந்துடும்ங்கறாங்க, என்ன குடி முழுகிப் போகுது?” என்றாள் தங்கை. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பாதி வாக்கியம் எச்சிலோடு வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டாள்.

*

வீட்டில் மொட்டை அவள் கண்ணைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான்.

ஒரு மாலை, ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் குக்கர் ஆவி விடும் சத்தம், தங்கை பாத்திரம் உருட்டும் சத்தம். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்கு இன்னும் போடவில்லை. மொட்டை தவழ்ந்து வந்து, அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, பால் வாசனை வீசும் முகத்தை அவள் இடது கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டான்.

“தத்தா. த்தே?”

காத்திருந்தான். ஒரு வயதுக் குழந்தை காத்திருப்பதை அவள் பார்த்ததில்லை. பிறகு கெக்கெக்கென்று சிரித்தான், யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டது போல.

அவள் முகத்தைத் திருப்பி வலது கன்னத்தைக் காட்டினாள். அவன் அதைக் கதவைப் பார்ப்பது போலப் பார்த்தான். கீழே உட்கார்ந்து, அவளைச் சுற்றித் தவழ்ந்து, மறுபக்கம் வந்து எழுந்து நின்றான். உள்ளங்கையால் இடது கன்னத்தை மூடினாள். உள்ளங்கைக்கு அடியில், இமை துடிப்பது போல, சின்னச் சின்னதாக எதுவோ ஓடியது. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரியாத விரலைக் கடித்தான்.

“பாத்தியா,” என்றாள் தங்கை சமையலறை வாசலில் நின்று. “நேரா இருக்கற என் மூஞ்சி அவனுக்குப் பிடிக்கல. உன் கோணமூஞ்சிதான் வேணுமாம்.”

“அவனைத் தூக்கிட்டுப் போ.”

“என்னக்கா?”

“தூக்கிட்டுப் போன்னு சொல்றேன்ல.”

தங்கை முகம் சுருங்கிவிட்டது. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது. ஆனா நீ மட்டும் எல்லார் மேலயும் விழுவ. முடியாம கிடந்தப்ப யாரு பாத்தா? இந்த மொட்டையையும் வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன்ல?”

தங்கையின் தோளுக்கு மேலாக மொட்டை பார்த்துக்கொண்டே போனான். கன்னத்தை.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போட்டுக்கொண்டாள். இரவில் மூடாத இமையை ஒட்டும் பிளாஸ்டர் துண்டுகளை உதட்டின் மேலும் குறுக்காக ஒட்டிப் படுத்தாள். அடுத்த அறையிலிருந்து சில சமயம் அவன் மழலை வரும். அழுகை இல்லை. தனியாக விழித்துக்கொண்டு பேசுவது. பேசுவான், நிறுத்துவான். அவன் நிறுத்தும் இடத்தில் எல்லாம் பிளாஸ்டருக்கு அடியில் தோல் இழுபட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

அவள் நம்பிப் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். தனக்குள் இருப்பது என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தன்னோடு கிடக்கட்டும். அவனுக்குள் காவல் போட்டுவிட்டால் போதும். அதற்கு அங்கே உட்கார இடம் கிடைக்காது.

*

மருந்து வந்த அன்று தங்கை மொட்டையைத் தூக்கிக்கொண்டு மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கீழே அவனுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, மேலே அவள் அறைக்கு ஏறி வந்தாள். மொட்டை அழுது களைத்துப்போய்த் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். தொடையில் பஞ்சுப் பிளாஸ்டர்.

“இந்தா, உன் ஆசைப்படி குத்தியாச்சு. போதுமா?”

போதும். அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்குக் கத்திட்டேன்.”

“சரி சரி. பாதி முகத்தை வச்சுக்கிட்டு முழு அழுகை அழாத, பாக்கச் சகிக்கல,” என்று தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோயாளிகள் படுக்கும் மேஜைமேல் மொட்டையைக் கிடத்தினாள். “இவனைக் கொஞ்சம் பாத்துக்க. கீழ போய்க் காய்ச்சல் மருந்து வாங்கிட்டு வந்துடறேன். அந்த நர்ஸ் பாவம், ரொம்ப நல்ல பொண்ணு. எத்தனை கேள்வி கேக்குது. முன்னாடி எப்பவாவது கொப்புளம் கிப்புளம் வந்துச்சான்னு கேட்டுச்சு. இல்லம்மா, எங்கக்கா ஆஸ்பத்திரில இருந்தப்ப கொசு கடிச்சு நாலஞ்சு இருந்துச்சு, அவ்ளோதான்னேன்.”

“கொசுவா?”

“ஆமா. காதுக்குப் பின்னால. சொறிஞ்சு சொறிஞ்சு தண்ணி கோத்துக்கிச்சு. பவுடர் போட்டேன், ரெண்டு நாள்ல போயிடுச்சு. நீயே அங்க வாந்தி எடுத்துட்டுக் கிடந்த, இதை வேற சொல்லணுமா?”

“எந்தக் காது?”

“இது என்ன கேள்வி? இடது காது. வந்துடறேன் இரு.”

கதவு சாத்திக்கொண்டது.

தாயின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கிற குழந்தைக்கு அம்மை வந்தால் அப்படித்தான் வரும். நாலே நாலு கொப்புளம். காய்ச்சல்கூடத் தெரியாது. வந்து, இரண்டு நாளில் போய்விடும்.

போவதில்லை.

ஊசி என்பது வாசலில் போடும் காவல். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட ஆளைக் காவல்காரன் என்ன செய்வான்?

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அவன் கன்னத்தின் அமைதியைக் கேட்டுவிட்டால் போதும். மேலே ஒட்டும் வில்லைதான், வலிக்காது, எழக்கூட மாட்டான். கை தானாக வேலை செய்தது. முதலில் தன் இடது கன்னம், ஒப்பிட்டுப் பார்க்க. அது மேல் கோடு. பிறகு, இருப்பதிலேயே சின்ன வில்லைகளை எடுத்து, அவன் இடது கன்னத்தில் உதட்டோரமாக ஒட்டினாள். அது கீழ்க் கோடு. அவன் மூச்சு சீராக இருந்தது. உதடு சற்றே திறந்து, ஒரு துளி எச்சில் மினுமினுத்தது.

ஸ்பீக்கரைத் திறந்தாள்.

அமைதி.

இரண்டு கோடுகளும் படுத்துக் கிடந்தன. விளக்கணைத்த ஊர். அவள் மூச்சை வெளியே விட்டாள். நாற்காலியில் சாய்ந்தாள். எத்தனை பைத்தியக்காரத்தனம்.

மேல் கோடு துள்ளியது. இரண்டு சின்னது, ஒரு நீளம்.

நின்றது.

கீழ்க் கோடு துள்ளியது.

கசிவு. ஒரு கம்பியின் மின்சாரம் இன்னொன்றில் கசியும், சாதாரணம். நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். கம்பிகளைப் பிரித்தாள். அவன் மேல் தன் கை படவில்லை, மேஜை மேல் தன் புடவை படவில்லை. கசிவு என்றால் அதே நேரத்தில், அதே வடிவத்தில் வர வேண்டும்.

மேலே ஒரு நீளம். இடைவெளி. கீழே நாலு சின்னது. இடைவெளி. மேலே ஒன்று. கீழே நீளமாக, விடாமல், நீளமாக. மேலே ஒரு சின்னது. “ம்” கொட்டுவது போல.

அவன் முகத்தைப் பார்த்தாள். அசையவில்லை. தூக்கம். நல்ல தூக்கம்.

தன் கன்னத்திலிருந்த வில்லைகளைப் பிய்த்து எறிந்தாள். மேல் கோடு செத்தது. கீழ்க் கோடு பேசிக்கொண்டே போய், நின்றது. காத்திருந்தது. ஒரு துள்ளல். காத்திருந்தது. இன்னொன்று.

கம்பி இல்லாமலே, தன் உதட்டுக்குள், பதில் போவதை உணர்ந்தாள்.

கீழ்க் கோடு சந்தோஷமாகக் குதித்தது.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். தங்கை. சொல்லிவிட வேண்டும். இப்போதே. திரையைக் காட்டி, வா, பார், இவனைத் தூக்கு, டாக்டரைக் கூப்பிடு என்று. கதவு திறந்தது. ஸ்பீக்கர் சட்டென்று அடங்கியது. அந்நியர் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறவர்களைப் போல.

“என்னக்கா, இவனுக்கும் ஒட்டிட்டியா? உன்னோட பெரிய தொந்தரவு.”

அவள் வாயைத் திறந்தாள். வலது பாதி திறந்தது. இத்தனை மாதமாக எத்தனை கெஞ்சியும் மூடாத இடது உதடு, பூட்டு விழுவது போல, இறுக்கி மூடிக்கொண்டது. அது வலதையும் இழுத்துக்கொண்டு வந்தது. பல்லுக்குப் பின்னால் நாக்கு முட்டியது. “ங்” என்று தொண்டையில் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“ஐயோ, அக்கா, உதடு கூடுது பாரு,” என்றாள் தங்கை. முகம் மலர்ந்துவிட்டது. “கண்ணாடி எங்க? பாரு, அழகா மூடுது. டாக்டர் சொன்னாரில்ல?”

கண்ணாடியைத் தேடித் தங்கை இயந்திரம் இருந்த மேஜைப் பக்கம் திரும்பினாள். தங்கையின் முதுகுக்குப் பின்னால் மொட்டை அசையாமல் கிடந்தான். மூச்சு ஏறி இறங்கியது. வலது கண் மூடியிருந்தது, இமைமயிர் கன்னத்தில் படிந்து, ஆழ்ந்த தூக்கத்தில்.

இடது கண் திறந்திருந்தது. அது அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.